மூன்று வயதுச் சலுகை

ஆயுள் காப்பீட்டில் பெண்ணுக்கு ஒரு சலுகை உண்டு. முப்பத்தெட்டு வயதுப் பெண் டேர்ம் பாலிசி கேட்டால், பல நிறுவனங்கள் அவளுக்கு முப்பத்தைந்து வயது ஆணுக்குரிய பிரீமியத்தைப் போடும். பெண் அதிக காலம் வாழ்வாள், அவள் பெயரில் பணம் கொடுக்க வேண்டிய நாள் தள்ளிப்போகும் என்பது அதன் அடிப்படை. அந்தக் கணக்கில் பொய்யில்லை. 2016-20 மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி இந்திய ஆணின் சராசரி ஆயுள் 68.6 ஆண்டுகள், பெண்ணின் சராசரி ஆயுள் 71.4.

இந்த மூன்று வயதைக் காட்டித்தான் காப்பீட்டுத் துறையினரும் அவர்கள் சொல்வதை நம்பும் படித்தவர்களும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஆண், பெண் பார்த்து விலை வைப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தால் காப்பீட்டுச் செலவு ஏறும், முதல் அடி பெண்களுக்கே விழும் என்கிறார்கள். சமத்துவம் கேட்கும் பெண்கள் தங்கள் மடியில் இருப்பதைத் தாங்களே அவிழ்த்துக் கொட்டுகிறார்கள் என்ற பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இந்தக் கருத்து தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்தில், கொட்டச்சேடு. காப்பியும் மிளகும் எங்கள் பிழைப்பு. ஆண்கள் ஏணி வைத்து சில்வர் ஓக் மரத்தில் ஏறி நிழலுக்குக் கவாத்து வெட்டுவார்கள், மிளகு பறிப்பார்கள். பெண்கள் பனியில் சரிவில் நின்று காப்பிப் பழம் பறிப்பார்கள், களை எடுப்பார்கள், மூட்டை தூக்குவார்கள். காலையில் வேலைக்குப் போகும் வழியில் காட்டெருமை நின்றால், அது விலகும்வரை ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் காத்திருப்போம். பதினான்கு வருடமாக எங்கள் மகளிர் குழுவின் கணக்கை நான் எழுதுகிறேன். இத்தனை வருடத்தில் அந்த மூன்று வயதுச் சலுகையில் பாலிசி வாங்கிய ஒரு பெண்ணைக்கூட எங்கள் குழுவில் நான் பார்த்ததில்லை.

ஏன் இல்லை என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் இருபத்தைந்து லட்சத்துக்கு டேர்ம் பாலிசி எடுக்க ஒரு நிறுவனத்தைக் கேட்டேன். பிள்ளைகள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஏதாவது ஆனால் அவர்கள் படிப்பு நின்றுவிடும் என்ற பயம். சம்பளச் சீட்டு கொடுங்கள், இல்லையென்றால் மூன்று வருட வருமான வரிக் கணக்கு கொடுங்கள் என்றார்கள். எனக்கு வருவது எடைக்குக் கூலி, குழுவில் ஒரு சிறு தொகை, வீட்டு மிளகு விற்ற பணம். எதற்கும் சீட்டு கிடையாது. அப்படியானால் உங்கள் கணவர் பெயரில் எவ்வளவு காப்பீடு இருக்கிறதோ அதை ஒட்டித்தான் உங்களுக்குத் தரமுடியும் என்றார் ஏஜென்ட். என் கணவர் கவாத்து வெட்டுபவர். அவருக்கும் சீட்டு இல்லை, பாலிசியும் இல்லை. அவருக்கு இல்லாததால் எனக்கும் இல்லை என்று ஆனது.

இதில் எங்கே இருக்கிறது அந்தச் சலுகை? விலைப்பட்டியலில் எனக்கு மூன்று வயது குறைத்த அதே துறைதான், விண்ணப்பத்தை வாங்கும் இடத்தில் என்னைக் கணவரின் வருமானத்துக்குள் வைத்து அளந்தது. இரண்டும் ஒரே கேள்வியிலிருந்து பிறக்கின்றன: இவர் ஆணா, பெண்ணா? அந்தக் கேள்வி தரும் தள்ளுபடி மாதச் சம்பளக்காரப் பெண்களில் ஒரு பகுதிக்குப் போகிறது. அதே கேள்வி போடும் பூட்டு மற்ற எல்லார் வாசலிலும் தொங்குகிறது. தள்ளுபடியைக் காப்பாற்றப் பேசுகிறவர்கள் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இனி கணக்குக்கு வருகிறேன். அவர்கள் சொல்வதில் உண்மையான பகுதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். விலையை ஒன்றாக்கினால் டேர்ம் பாலிசியில் பெண்ணின் பிரீமியம் ஏறத்தான் செய்யும். எவ்வளவு ஏறும்? புரிவதற்காக ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் போட்டுப் பார்ப்போம். ஒரே தொகைக்கு ஆண் வருடத்துக்கு 10,000 ரூபாய், பெண் 8,000 ரூபாய் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் புதிதாக எடுக்கப்படும் ஆயுள் பாலிசிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் பெண்கள் பெயரில் எடுக்கப்படுகிறது. அதனால் இரண்டு ஆண்கள், ஒரு பெண். மூவரும் கட்டுவது 28,000. ஒரே விலையாக்கினால் ஆளுக்கு 9,333. பெண்ணுக்கு 1,333 ரூபாய் கூடுகிறது, ஆணுக்கு 667 ரூபாய் குறைகிறது. மொத்தம் அதே 28,000.

ஆகவே செலவு ஏறும் என்ற சொல்லே தவறு. இறப்பவர்களின் எண்ணிக்கை விலைப்பட்டியலைப் பார்த்து மாறுவதில்லை. கொடுக்க வேண்டிய இழப்பீடு அதேதான், யார் எவ்வளவு சுமப்பது என்பதுதான் மாறுகிறது. இந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. பெண்கள் மூன்றில் ஒருவராக இல்லாமல் பாதிப்பேராக வந்தால் பொது விலை 9,000 ஆகும். 333 ரூபாய் தானாக இறங்கும். பொது விலையில் பெண்ணுக்கு ஏற்படும் உயர்வு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், பெண்கள் கொஞ்சம்பேராக இருப்பது. கொஞ்சம்பேராக இருப்பதற்குக் காரணம் மேலே சொன்ன பூட்டு. பூட்டைத் திறந்தால் விலையும் இறங்கும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இதற்குத் துறையினர் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். விலை ஒன்றானால் குறைந்த ஆபத்துள்ள பெண்கள் விலகிப் போவார்கள், அதிக ஆபத்துள்ள ஆண்கள் வந்து சேருவார்கள், விலை மேலும் ஏறும், இன்னும் பெண்கள் விலகுவார்கள் என்பது அந்தப் பதில். பாடப்புத்தகத்தில் இது சரி. ஆனால் விலகிப் போவதற்கு ஓர் இடம் வேண்டும். சட்டம் எல்லா நிறுவனங்களையும் ஒரே நாளில் கட்டுப்படுத்தும்போது, பெண்ணுக்கு மலிவாகக் கொடுக்கும் வேறு கடை இருக்காது. மாதத்துக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய் கூடியதற்காக, பிள்ளைகளுக்கென்று எடுத்த பாதுகாப்பை ஒரு தாய் விட்டுவிடுவாளா? சிலர் விடலாம். கூட்டம் கூட்டமாக விடுவார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

பெண்ணும் ஆணும் ஒரே விலை கட்டுவது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. இருசக்கர வண்டிக்குக் கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விலையை அரசு அறிவிக்கிறது, இன்ஜின் அளவை மட்டும் பார்த்து. 2022 ஜூன் 1 முதல் 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிக்கு வருடத்துக்கு 714 ரூபாய் என்று அந்த அறிவிப்பு சொன்னது. சனி, ஞாயிறுகளில் எங்கள் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் சத்தம் எழுப்பிக்கொண்டு வண்டியைச் சாய்த்து ஓட்டும் இளைஞனுக்கும் அதே 714. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பும் பெண்ணின் ஸ்கூட்டருக்கும் அதே 714. சாலை விபத்தில் யார் அதிகம் சிக்குகிறார்கள், யார் அதிகம் இடிக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். பாலினம் பார்த்து விலை வைப்பதுதான் நேர்மை என்றால், இங்கே அல்லவா பெண்ணுக்குப் பெரிய தள்ளுபடி கிடைத்திருக்க வேண்டும்? இத்தனை வருடம் பெண் ஓட்டுநர்கள் ஆண்களின் விபத்துச் செலவைச் சேர்த்துச் சுமந்திருக்கிறார்கள். அதனால் எந்த நிறுவனமும் கடையை மூடவில்லை. பெண்ணுக்கு அநியாயம் நடக்கிறது என்று துறையிலிருந்து ஒருவரும் குரல் எழுப்பவும் இல்லை.

அடுத்தது பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா திட்டம். கொட்டச்சேட்டுப் பெண்களுக்கு ஆயுள் காப்பீடு என்ற ஒன்று கைக்கு வந்ததே இதன் வழியாகத்தான். 2015 மே மாதம் தொடங்கியது. பதினெட்டு வயது முதல் ஐம்பது வயது வரை யாரும் சேரலாம், இரண்டு லட்சம் ரூபாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விலை, வருடத்துக்கு 330 ரூபாய். சம்பளச் சீட்டு கேட்கவில்லை. கணவர் என்ன சம்பாதிக்கிறார் என்று கேட்கவில்லை. வங்கிக் கணக்கும் ஒரு கையெழுத்தும் போதும்.

ஏழு வருடம் கழித்து, 2022 ஜூன் 1 முதல், அது 436 ரூபாய் ஆனது. வசூலான பிரீமியத்தைவிடக் கொடுத்த இழப்பீடு அதிகம் என்று அரசு காரணம் சொன்னது. 2022 மார்ச் வரை நூறு ரூபாய் வசூலுக்கு 145 ரூபாய் போயிருக்கிறது. பாருங்கள், ஒரே விலை வைத்தால் இதுதான் கதி என்று இந்த எண்ணை எடுத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்காமல் விட்ட விஷயங்கள் உண்டு. அந்தத் திட்டம் ஆணையும் பெண்ணையும் மட்டும் ஒன்றாக்கவில்லை, பதினெட்டு வயதையும் ஐம்பது வயதையும் ஒன்றாக்கியது. மரணத்தின் கணக்கில் வயதுதான் மலை, பாலினம் அதன் ஓரத்தில் ஒரு மேடு. உடல்நலம் பற்றிய மருத்துவப் பரிசோதனையும் கிடையாது. ஏழு வருடம் விலையைத் தொடவே இல்லை. நடுவில் கொரோனா வந்து போனது. இத்தனையும் சேர்ந்து உண்டாக்கிய பற்றாக்குறையைப் பாலினச் சமத்துவத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. பெண்கள் குறைவாக இறக்கிறார்கள் என்பது அவர்களே சொல்லும் கணக்கு. அப்படியானால் அந்தப் பொதுப் பையின் பற்றாக்குறை இன்னும் பெரிதாகாமல் இருக்க உதவியவர்கள் பெண்கள்தானே?

இத்தனைக்குப் பிறகும் விலை எவ்வளவு? 436 ரூபாய். நாளைக்கு ஒன்றேகால் ரூபாய்கூட இல்லை. ஒரே விலை வைத்தால் ஏழைக்குக் கட்டுப்படியாகாது என்று சொல்பவர்களுக்கு இந்த நாட்டில் ஏழைகள் அதிகம்பேர் சேர்ந்த ஆயுள் காப்பீடே பதில் சொல்கிறது.

கடல் கடந்தும் பார்க்கலாம். பெல்ஜியத்தின் டெஸ்ட் அஷா என்ற நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 1 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் பாலினம் பார்த்து விலை வைப்பதற்கு இருந்த விதிவிலக்கை ரத்து செய்தது. 2012 டிசம்பர் 21 முதல் புதிய பாலிசிகளுக்கு ஒரே விலை. அப்போதும் இதே எச்சரிக்கைகள் எழுந்தன. இளம்பெண்கள் கார் காப்பீட்டில் அனுபவித்துவந்த சலுகை போனது உண்மை. ஆனால் சந்தை சரியவில்லை. நிறுவனங்கள் வேறு வழி தேடின. எவ்வளவு தூரம் ஓட்டுகிறாய், எப்படி ஓட்டுகிறாய் என்று பார்க்கத் தொடங்கின. வண்டியில் சிறு கருவி பொருத்தி, திடீர் பிரேக்கையும் வேகத்தையும் அளந்து விலை வைக்கும் முறை பரவியது. பிறப்பைப் பார்த்து வைத்த விலையைவிட நடத்தையைப் பார்த்து வைக்கும் விலை துல்லியமானது. நிதானமாக ஓட்டும் ஆணுக்கும் அதில் நியாயம் கிடைக்கிறது.

அந்த வழக்கில் தலைமை வழக்குரைஞர் கோகோட் ஒரு கேள்வியை எழுப்பியிருந்தார். இனத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பு இருப்பதாகப் புள்ளிவிவரம் காட்டினாலும், இனத்தைப் பார்த்து விலை வைக்க ஒப்புக்கொள்வோமா என்பது அதன் சாரம். இந்தியர்களாகிய நமக்கு அது வெறும் கேள்வி அல்ல, நம் முன்னோர் கட்டிய பணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கடை போட்ட ஆங்கிலக் காப்பீட்டு நிறுவனங்கள் இந்திய உயிரைத் தரம் குறைந்த உயிர் என்று வகைப்படுத்தின. ஐரோப்பியருக்கு ஒரு விலை, இந்தியருக்கு அதன்மேல் கூடுதல் விலை. இந்த மலையில் காப்பி பயிரிட வந்த வெள்ளைக்காரத் துரைக்கும் அவர் தோட்டத்தில் கணக்கெழுதிய இந்தியருக்கும் அன்றைய அட்டவணையில் இடம் வேறு. 1870இல் தோன்றிய பாம்பே மியூச்சுவல் சங்கம்தான் இந்தியருக்கும் சாதாரண விலையில் பாலிசி கொடுத்தது. இந்தியர்கள் சராசரியில் சீக்கிரம் இறந்தார்கள் என்பதற்கு அன்று புள்ளிவிவரம் கிடைத்திருக்கும். அது பஞ்சத்தின் கணக்கு, காலராவின் கணக்கு. அதை ஒரு மனிதரின் தோலுக்கு விலையாகப் போட்டது சரி என்று இன்று யாராவது சொல்வார்களா?

அமெரிக்காவின் கதையில் நமக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. அங்கே 1881 முதல் புரூடென்ஷியல் நிறுவனம் கறுப்பினத்தவருக்கு அதே பிரீமியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவான தொகையைக் கொடுத்தது. 1884இல் மசாசூசெட்ஸ் மாநிலம் சட்டம் போட்டு இதைத் தடுத்தது, வேறு மாநிலங்களும் தொடர்ந்தன. நிறுவனங்கள் என்ன செய்தன? கறுப்பினத்தவரிடம் பாலிசி கேட்டுப் போகாதீர்கள் என்று முகவர்களுக்குச் சொல்லிவிட்டன. விலையைச் சட்டம் சமமாக்கியது, கதவை நிறுவனம் சாத்தியது. பாலின விலைத் தடையை ஆதரிக்கும் என் போன்றவர்கள் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். விலையை மட்டும் தடுத்துவிட்டு ஏற்பதையும் மறுப்பதையும் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டால், தடை ஏட்டில் மட்டும் இருக்கும்.

பெண்ணுக்குச் சலுகை என்ற பேச்சிலேயே இன்னொரு குறையும் உண்டு. நீண்ட ஆயுளுக்காகப் பெண்ணுக்குத் தள்ளுபடி கிடைப்பது டேர்ம் பாலிசியில்தான். ஓய்வூதியத்தில் அதே நீண்ட ஆயுள் தண்டனையாகத் திரும்புகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நீர், மின்சாரத் துறை தன் பெண் ஊழியர்களிடம் ஓய்வூதிய நிதிக்கு ஆண்களைவிட ஏறக்குறைய 15 சதவீதம் அதிகமாகப் பிடித்தது. நீங்கள் அதிக நாள் வாழ்வீர்கள் என்று காரணம் சொன்னது. 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மருத்துவக் காப்பீட்டிலும் அங்கே தனிநபர் பாலிசிகளில் பெண்களிடம் அதிகம் வாங்கினார்கள், 2014இல்தான் அது நின்றது. ஒரு பக்கத்தில் கொடுக்கும் புத்தகமே மறுபக்கத்தில் பிடுங்கும். ஒரு பக்கத்தை மட்டும் விரித்துக் காட்டி, இதை மூடாதே, உனக்குத்தான் நட்டம் என்று சொன்னால் எப்படி நம்புவது? திருநங்கைக்கு எந்த அட்டவணையில் விலை என்பதற்கு, மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் 2014இல் அங்கீகரித்த பிறகும், இரண்டு பத்தி மட்டுமே உள்ள பட்டியலால் நேரான பதில் சொல்ல முடியாது.

ஆபத்தைப் பார்த்து விலை வைப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. புகைப்பிடிக்கிறாரா என்று கேட்கட்டும், அதை ஒருவர் விடமுடியும். வயதைக் கேட்கட்டும், எல்லாருக்கும் அது ஏறும். என் கணவர் முப்பதடி உயரத்தில் ஏணியில் நிற்பவர், மழை நாளில் மரம் வழுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர், நாற்காலியில் உட்காருபவர். ஆண் என்ற சொல் இந்த இரண்டு பேரையும் ஒன்றாக்குகிறது. மழையில் சரிவில் மூட்டை தூக்கும் பெண்ணையும் சேலத்தில் வங்கிக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண்ணையும் பெண் என்ற சொல் ஒன்றாக்குகிறது. இதைத் துல்லியமான கணக்கு என்று எப்படிச் சொல்வது?

கதவைத் திறக்கும் அதிகாரம் நம் சட்டத்துக்கு உண்டு என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. எல்.ஐ.சி.யின் ஒரு மலிவான டேர்ம் திட்டம் அரசு, அரசு சார்ந்த நிறுவனங்கள், பெயர்பெற்ற தனியார் நிறுவனங்கள் ஆகியவற்றின் ஊழியர்களுக்கு மட்டும் என்று இருந்தது. குஜராத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் வழக்குத் தொடுத்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவுக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. நிலையான சம்பளம் இல்லாதவர்களை ஒட்டுமொத்தமாக வெளியே நிறுத்த முடியாது என்று சொன்ன தீர்ப்பு அது. முப்பது வருடம் கழித்தும் சம்பளச் சீட்டு என்ற பெயரில் அதே நிபந்தனை எங்கள் முன்னால் நிற்கிறது. அதற்கும் முன்பு, 1991இல், நீரா மாத்தூர் வழக்கு. வேலைக்குச் சேர்ந்த பெண்ணிடம் மாதவிலக்கு எப்போது, கருவுற்றது எத்தனை முறை என்றெல்லாம் எல்.ஐ.சி.யின் படிவம் கேட்டிருந்தது. அந்தக் கேள்விகளை நீக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அது ஊழியர்களுக்கான படிவம். பாலிசி கேட்டு வரும் பெண்ணின் படிவத்துக்கும் அந்த நியாயம் வந்து சேர வேண்டும்.

ஆகவே தடை வரட்டும். விலையில் மட்டும் வந்தால் போதாது, ஏற்பதிலும் வர வேண்டும். பெண்ணின் காப்பீட்டுத் தொகையைக் கணவரின் காப்பீட்டோடு கட்டிப்போடும் விதி போக வேண்டும். சீட்டில்லாத உழைப்புக்கு மகளிர் குழுவின் சேமிப்பு, கடன் பதிவேடுகளை வருமானச் சான்றாக ஏற்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு மாதமும் யார் எவ்வளவு சம்பாதித்துக் கட்டினார் என்பது இருக்கிறது, நானே எழுதியிருக்கிறேன். இவற்றுக்கு ஈடாக அந்த மூன்று வயதுச் சலுகையை விட்டுக்கொடுக்கச் சொன்னால், எங்கள் குழுவில் தயங்குகிறவர் யாரும் இருக்க மாட்டார்.

மே மாதம் வந்தால் குழுக் கூட்டத்தில் ஒரு நினைவூட்டல் செய்வேன். மாத முடிவுக்குள் கணக்கில் 436 ரூபாய் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஜூன் முதல் காப்பீடு அறுந்துவிடும். போன மே மாதம் கூட்டம் முடிந்து எழுந்தபோது, கணவரை இழந்த ஓர் அக்கா பின்னால் நின்றார். இரண்டு லட்சம் போதாது, கூடுதலாக ஒன்று எடுக்கலாம் என்று யாரோ ஒரு முகவரிடம் படிவம் வாங்கி வந்திருந்தார். பெண்களுக்கு மட்டும் என்று போட்டிருந்த பகுதியில் விரலை வைத்துக் கேட்டார்: "ஏம்மா, புருசனோட வருசச் சம்பளம்னு கேட்டிருக்கு. இந்தக் கட்டத்துல நான் என்ன எழுதட்டும்?"